பெரியம்மாவுக்குத் தைத்த முதல் பஞ்சுப் போர்வை: உள்ளே வைக்கும் பஞ்சில் நான் இழந்த வாரங்கள்

ஓசூரை அடுத்த தளிப் பக்கத்தில் மார்கழி விடியற்காலைக் குளிர் தருமபுரியில் இருக்கும் எங்களுக்குப் பழக்கமில்லாதது. அங்கேயே பல ஆண்டுகளாகக் குடியிருக்கும் என் பெரியம்மாவுக்குக் கம்பளி உடம்பில் பட்டால் அரிப்பு எடுக்கும்; கடையில் வாங்கிய வழுவழுப்பான ரஜாயோ இரவெல்லாம் நழுவிக் கீழே விழுகிறது என்று வருந்துவார். பருத்தித் துண்டுகளை ஒட்டி, நடுவே பஞ்சு வைத்து, என் கையாலேயே ஒரு போர்வை தைத்து மார்கழி பிறக்கும் முன் கொடுத்துவிட வேண்டும் என்று ஐப்பசியில் தொடங்கினேன். ரவிக்கையும் பாவாடையும் தைத்த பழக்கம் எனக்கு உண்டு. போர்வை தைத்தது இதுவே முதல் முறை.

மேல்துணி வேலை பெரும்பாலும் தடையின்றி நடந்தது. ஆறரை அங்குலச் சதுரங்களாக 130 துண்டுகள் வெட்டி, அகலத்தில் 10, நீளத்தில் 13 என்று அடுக்கினால், கால் அங்குலத் தையல் போக 60க்கு 78 அங்குலம் வரும். இந்தக் கால் அங்குலத்தில் மட்டும் கவனம் சிதறக் கூடாது. ஒவ்வொரு துண்டிலும் அரைக்கால் அங்குலம் கூடுதலாகத் தையலுக்குள் போனால், ஒரு வரிசையில் உள்ள ஒன்பது இணைப்புகளில் இரண்டேகால் அங்குலம் குறைந்து, அந்த வரிசை அடுத்த வரிசையோடு பொருந்தாது. ஊசியிலிருந்து கால் அங்குலத் தொலைவில் இயந்திரத் தகட்டின் மேல் ஒரு டேப்பை ஒட்டிக்கொண்ட பிறகுதான் என் கோடுகள் நேராயின.

பெரியம்மாவின் பழைய கத்தரிப்பூ நிறச் சேலை ஒன்றை அம்மா பெட்டியில் வைத்திருந்தார். அதிலிருந்து இருபது துண்டுகள் வெட்டினேன். அவற்றில் ஆறு துண்டுகள் புதிய பாப்ளின் துணியோடு இணைத்து இழுத்தபோதே தையலோரம் கிழிந்துவிட்டன. பழைய சேலையை வெட்டும் முன் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். இழை விலகித் தெரியும் இடத்தை விட்டுவிடுங்கள். அந்த இடத்தைத்தான் பயன்படுத்த வேண்டும் என்றால், பின்னால் மெல்லிய லைனிங் துணி கொடுத்து வெட்டுங்கள். வெயில் படாமல் இடுப்பில் உள்ளே சுற்றியிருக்கும் பகுதியில் நிறமும் நன்றாக இருந்தது.

பஞ்சு விஷயத்தை நினைத்தால் இன்னும் மனம் ஆறவில்லை. எங்கள் ஊரில் மெத்தை, தலையணை தைத்துத் தரும் ஒரு கடையில் போர்வைக்கு என்ன பஞ்சு வைப்பது என்று கேட்டேன். இலவம் பஞ்சைப் போல் மெத்தென்று இருப்பது வேறில்லை, போர்வைக்கும் அதைத்தான் வைப்பார்கள் என்று சற்றும் தயங்காமல் சொல்லி இரண்டு கிலோ நிறுத்துக் கொடுத்தார். நான் அதை அடித்துணியின் மேல் சமமாகப் பரப்பி, மேல்துணியை விரித்து, ஊக்குகளால் பிடித்து, இயந்திரத்தில் ஓட்டினேன். இரண்டு கோடு தைப்பதற்குள் பஞ்சு ஊசிக்கு முன்னால் ஒதுங்கி ஒரு பக்கம் மேடாகவும் மறுபக்கம் வெறும் துணியாகவும் ஆகிவிட்டது. தையல் துளைகள் வழியாக இழைகள் வெளியே வந்து மூக்கிலும் கண்ணிலும் ஏறின.

இலவம் பஞ்சின் இழை உள்ளே கூடானது. மேலே மெழுகு போன்ற பூச்சு உடையது. ஆகவே ஓர் இழை மற்றோர் இழையைப் பற்றிக்கொள்ளாது. நெருக்கமாக நெய்த தலையணை உறைக்குள் அடைத்து வைக்க அது சிறந்தது. பரப்பித் தைத்து, அடிக்கடி துவைக்க வேண்டிய போர்வைக்கு அது ஆகாது. இதை அந்தக் கடைக்காரர் அறியாதவராக இருக்க முடியாது என்றே நினைக்கிறேன். திரும்பக் கொண்டுபோனபோது, பிரித்த பஞ்சை வாங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். தையலைப் பிரித்து, மேல்துணியில் ஒட்டிய இழைகளை உதறி எடுக்க நான்கு நாட்கள் ஆயின.

எனக்குத் தேவைப்பட்டது ரோலாகச் சுற்றி மீட்டர் கணக்கில் வெட்டித் தரும் பாலியஸ்டர் பஞ்சு விரிப்பு. ஓசூரில் ஒரு கடையில் இருக்கிறது என்று தொலைபேசியில் உறுதி சொன்னதை நம்பி, பாலக்கோடு, இராயக்கோட்டை வழியாகப் பேருந்தில் போனேன். அவர்கள் எடுத்துக் காட்டியது சோபாவுக்கு வைக்கும் ஸ்பாஞ்ச். தொலைபேசியில் பேசியவருக்கு இரண்டும் ஒன்றே. ஒரு நாள் முழுவதும் வீணாகி வெறுங்கையோடு திரும்பினேன். பெயரை மட்டும் சொல்லிக் கேட்காதீர்கள். படம் அனுப்பச் சொல்லிப் பார்த்த பிறகே பேருந்து ஏறுங்கள். கடைசியில் அந்த விரிப்பு எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி, பள்ளிப் பைகள் தைக்கும் ஓர் அக்காவிடம் கிடைத்தது. அகலம் போதாததால், இரண்டு துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்று ஏறவிடாமல் விளிம்போடு விளிம்பு வைத்துக் கையால் தளர்வாகத் தைத்துக்கொண்டேன்.

அடித்துணியிலும் பணம் போயிற்று. 60க்கு 90 அங்குல ஒற்றைக் கட்டில் விரிப்பை வாங்கி, துவைத்து, விரித்த பிறகுதான் பக்கவாட்டில் ஒரு விரல் அளவுகூட மிச்சமில்லை என்பது தெரிந்தது. தைக்கும்போது மூன்று அடுக்குகளும் இழுபடும். ஆகவே பஞ்சும் அடித்துணியும் மேல்துணியைவிட ஒவ்வொரு பக்கமும் மூன்று, நான்கு அங்குலம் கூடுதலாக இருக்க வேண்டும். துவைத்த விரிப்பைக் கடையில் திருப்பிக் கொடுக்க முடியாது. இரட்டைக் கட்டில் விரிப்பாகவே வாங்குங்கள்.

மூன்று அடுக்குகளைச் சேர்த்துத் தைக்கும்போது என் கால் மிஷினில் துணியை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் ஃபுட் மேல்துணியை முன்னே தள்ளிக்கொண்டே போனது. அடிப்பக்கத்தில் சுருக்கம் விழுந்தது. ஓரத்திலிருந்து தொடங்கியது என் தவறு. நடுவிலிருந்து வெளிப்பக்கமாகத் தைத்து, நான்கு விரல் இடைவெளிக்கு ஓர் ஊக்கு குத்தி, ஃபுட்டின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் மேல் திருகைச் சற்றுத் தளர்த்தி, 16ஆம் எண் ஊசி மாற்றி, தையலின் நீளத்தையும் கூட்டிய பிறகு துணி ஒழுங்காக நகர்ந்தது. இஸ்திரி போடுவதை எல்லாம் அடுக்குவதற்கு முன்பே முடித்துவிடுங்கள். பாலியஸ்டர் பஞ்சு சூட்டில் படிந்துபோனால் மீண்டும் எழும்பாது. இரண்டரை அங்குல ஓரப்பட்டியை மடித்து வைத்துத் தைத்தது ஒரே மாலையில் முடிந்தது. நான்கு மூலைகளும் கூர்மையாக அமைந்ததை அம்மாவிடம் மூன்று முறை காட்டினேன்.

மார்கழிக்குக் கொடுக்க நினைத்தது தை பிறந்து, பொங்கலுக்கு மறுநாள்தான் பெரியம்மாவின் கைக்குப் போய்ச் சேர்ந்தது. அவர் அதைத் திண்ணையில் விரித்து, அடிப்பக்கம் புரட்டி, நான் பிரிக்காமல் விட்ட ஒரு சுருக்கத்தை விரலால் நீவிப் பார்த்தார். பிறகு மேல்பக்கம் திருப்பி, கத்தரிப்பூ நிறத் துண்டுகளை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார். பதினான்கும் சரியாக இருந்தன. அன்று இரவு படுக்கும் முன், கட்டிலில் கிடந்த ரஜாயை மடித்துப் பரணில் போடச் சொன்னார்.