வேலூர் சிஎம்சி: ஒற்றைப் படுக்கையில் தொடங்கிய பணி

வேலூர் சிஎம்சியின் (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின்) வரலாறு திண்டிவனத்தில் ஓர் இரவு மூன்று பெண்கள் பிரசவத்தில் இறந்ததிலிருந்து தொடங்குகிறது. ஆண் மருத்துவரிடம் மனைவியைக் காட்ட மாட்டோம் என்று மூன்று வீட்டாரும் மறுத்துவிட்டார்கள். அவர்கள் உதவி கேட்டு வந்த மிஷனரி மகள் ஐடா ஸ்கடரோ மருத்துவம் படித்தவரல்லர். அந்தத் துயரமே அவரை அமெரிக்காவுக்குச் சென்று மருத்துவம் பயில வைத்தது. 1900இல் திரும்பி வந்து வேலூரில் ஒற்றைப் படுக்கையோடு சிகிச்சையைத் தொடங்கியவர், 1902இல் 40 படுக்கைகள் கொண்ட மருத்துவமனையைத் திறந்தார்.

தாம் ஒருவரே எத்தனை பேரைப் பார்த்தாலும் போதாது என்று உணர்ந்து, இந்த மண்ணின் பெண்களையே மருத்துவர்களாக்க முனைந்ததுதான் அவர் செய்தவற்றுள் தலையாயது என்பேன். 1909இல் செவிலியர் பள்ளியும் 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியும் தொடங்கப்பட்டன. பெண்களால் தேர்வில் தேற முடியுமா என்று ஐயப்பட்டவர்கள் இருந்த காலத்தில், முதல் அணியில் தேர்வெழுதிய 14 பேரும் தேறினார்கள். ஆண் மாணவர்கள் 1947இல்தான் சேர்க்கப்பட்டனர். மருத்துவமனைக்கு வர இயலாதவர்களைத் தேடி, குடியாத்தம் சாலையில் ஊர் ஊராக வண்டியை நிறுத்தி, மரத்தடியிலேயே புண்ணைக் கழுவி மருந்து கட்டிய சாலையோரச் சிகிச்சையும் ஐடா தொடங்கியதே.

ஊழியம் கொள்வதற்கன்று, ஊழியம் செய்வதற்கே என்ற விவிலிய வாக்கியம் இந்நிறுவனத்தின் குறிக்கோள். அதற்கு மேரி வர்கீஸைவிடச் சிறந்த சான்று எனக்குத் தெரியவில்லை. இங்கு பயின்று மருத்துவரான அவர், 1954இல் நேர்ந்த வாகன விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்தார். ஆயினும், தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களை நிமிர்த்தும் அறுவை சிகிச்சையை, அதில் வல்லவரான மருத்துவர் பால் பிராண்டிடம் கற்று, சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே செய்தார். பிறகு நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பி, இங்கே அதற்கென்று ஒரு துறையையே உருவாக்கினார்.

நரம்பியல், இதயம், சிறுநீரக மாற்று எனப் பல துறைகளில் சிஎம்சி நாட்டுக்கு முன்னோடியாக விளங்குவது பலரும் அறிந்ததே; வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் நோயாளிகள் காட்பாடியில் வந்து இறங்குவதும் அதனால்தான். பாகாயத்தில் மேரி வர்கீஸ் உருவாக்கிய மறுவாழ்வு நிலையத்தைப் பற்றி அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை. முதுகுத்தண்டில் அடிபட்டவர்களுக்குக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவது, படுக்கைப்புண் வராமல் உடலைக் காப்பது போன்றவற்றை அங்கே பொறுமையாகக் கற்றுக்கொடுத்து வீட்டுக்கு அனுப்புகிறார்கள்.