சங்கக்கடைச் சுவர்
2020 மார்ச் 2இல் இலங்கை நாடாளுமன்றம் கலைக்கப்பட்டது. 20ஆம் திகதி கொரோனா ஊரடங்கு வந்தது. ஓகஸ்ட் 5 வரை தேர்தலும் இல்லை, எங்களுக்காகக் கேள்வி கேட்க நாடாளுமன்றமும் இல்லை. முல்லைத்தீவில் எங்கள் ஒழுங்கையில் மரவள்ளிக்கிழங்கும் முருங்கைக்காயும் வேலிக்கு மேலால் கைமாறின. அது புதிதல்ல, வன்னிக்குப் பசி பழகிய விருந்தாளி.

நிவாரணப் பட்டியலில் பக்கத்து வீட்டு ஆச்சியின் பெயர் விடுபட்டதுதான் பொறுக்கவில்லை. பட்டியலைக் கூட்டுறவுச் சங்கக்கடைச் சுவரில் ஒட்டுங்கள் என்று, இடைவெளி விட்டே நின்று கேட்டோம். அதிகாரிகள் முகம் சுளித்தார்கள். மூன்றாம் நாள், விடுபட்ட பெயரையும் சேர்த்து ஒட்டினார்கள். ஆச்சி கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துத் தன் பெயரைத் தேடிப் பிடித்தார்.

தேர்தலுக்கு அவரவர் பேனையைக் கொண்டுவரச் சொன்னார்கள். ஆச்சி, பேரனின் நீலப் பேனையை முந்தானையில் முடிந்துகொண்டு எனக்கு முன்னால் வரிசையில் நின்றார்.