நீலகிரியில் பலிக்கும் சட்டமும் பலிக்காத சட்டமும்

2022 மே மாதத்தின் நடுவிலிருந்து நீலகிரி மாவட்டத்து டாஸ்மாக் கடைகளில் மது வாங்குகிறவர் ஒவ்வொரு பாட்டிலுக்கும் 10 ரூபாய் கூடுதலாகக் கொடுக்கிறார். காலிப் பாட்டிலைக் கொண்டுவந்து கொடுத்தால் அந்தப் பணம் திரும்பக் கிடைக்கிறது. சென்னை உயர் நீதிமன்றத்தின் வற்புறுத்தலால் வந்த இந்த ஏற்பாடு பின்னர் வேறு மாவட்டங்களுக்கும் விரிவாக்கப்பட்டது. மலைக்கென்று போடப்பட்டிருக்கும் எத்தனையோ சுற்றுச்சூழல் கட்டளைகளில், சாலையோரத்தைப் பார்த்த மாத்திரத்தில் பலன் தெரிவது இது ஒன்றில்தான் என்பது என் எண்ணம்.

கூடலூர், மசினகுடிப் பக்கம் காட்டை ஒட்டிய சாலைகளில் வண்டியை நிறுத்திக் குடித்துவிட்டுப் பாட்டிலை உடைத்துப் போடுவது வெகுகாலப் பழக்கம். யானையின் உள்ளங்கால் பார்ப்பதற்கு முரடாகத் தோன்றினாலும் கண்ணாடிச் சில்லு அதில் எளிதில் ஏறிவிடும். இரை தேடி நாளெல்லாம் நடந்தாக வேண்டிய விலங்குக்குக் காலில் புண் வந்து சீழ் பிடித்தால், அது பட்டினியில்தான் முடியும். வழக்கில் நீதிமன்றத்தின் மனத்தை உறுத்தியது யானை முதலான காட்டு விலங்குகளுக்கு நேரும் இந்தக் கேடுதான். அதற்காக மதுக்கடையை மூடு என்று சொல்லாமல், குப்பைக்கு ஒரு விலை வைத்ததில் ஒரு நுட்பம் இருக்கிறது. குடித்தவர் போதையில் பாட்டிலை விட்டெறிந்தாலும், குடிக்காத ஒருவர் அதைப் பொறுக்கிக்கொண்டுபோய்ப் பணமாக்குகிறார். மது விற்பதும் அரசு நிறுவனம், பாட்டிலைத் திரும்ப வாங்குவதும் அதே நிறுவனம் என்பதால், பொறுப்பு யாருடையது என்ற வழக்கமான இழுபறிக்கும் இடமில்லை.

விசித்திரங்கள் இதிலும் உண்டு. திட்டத்துக்கான ஸ்டிக்கர் ஒட்டிய பாட்டிலுக்கு மட்டுமே பணம் என்பதால், அதற்கு முந்தைய ஆண்டுகளில் குடித்து எறியப்பட்டவை புதர்களில் அப்படியே கிடக்கின்றன. எல்லை தாண்டிக் கர்நாடகத்திலிருந்து வாங்கி வரப்படும் பாட்டில்களையும் யாரும் சீண்டுவதில்லை. ஸ்டிக்கர் ஒட்டவும், எண்ணி வாங்கவும், நாற்றமடிக்கும் காலிப் பாட்டில்களைச் சிறிய கடைக்குள்ளேயே அடுக்கி வைக்கவும் கூடுதல் ஆள் இல்லை என்று ஊழியர்கள் குறைபட்டுக்கொள்வதும் நியாயமானதே.

இதோடு, நீலகிரியில் இருக்கும் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் தடையை ஒப்பிட்டுப் பார்க்கலாம். மலையடிவாரத்து மேட்டுப்பாளையத்தில் முறையாக ரசீது போட்டு வாங்கிய ஒரு லிட்டர் தண்ணீர், கல்லாறு சோதனைச் சாவடியை எட்டியதும் பறிமுதல் செய்யத்தக்க பொருளாகிவிடுகிறது. மாற்றாக வைக்கப்பட்ட குடிநீர் ஏடிஎம்கள் சில இடங்களில் வேலை செய்கின்றன, சில இடங்களில் வெறுமனே நிற்கின்றன. தண்ணீர் பாட்டிலைத் தேடி வண்டிக்குள் தலையை விடும் ஊழியரின் கண்முன்னே பின்னிருக்கையில் குழந்தைகள் சிப்ஸ் பாக்கெட்டைப் பிரித்துக்கொண்டிருப்பார்கள், அதைக் கேட்பாரில்லை. அடுத்த கொண்டை ஊசி வளைவில் குரங்கு அதே பாக்கெட்டை நக்கிக்கொண்டிருக்கும். தடை தவறு என்று நான் சொல்லவில்லை. ஆனால் சாவடியைத் தாண்டிய பின், பாட்டிலை வீசாமல் வைத்திருப்பதில் யாருக்கும் காலணா லாபமில்லை என்பதுதான் அதன் பலவீனம்.

வாகனங்களுக்கான இ-பாஸ் கதை இன்னும் வேடிக்கையானது. 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் அது கட்டாயமானது. ஆனால் விண்ணப்பித்த எல்லோருக்கும் அது கிடைத்தது. யாருக்கும் மறுக்கப்படாத ஓர் அனுமதியை எதற்காகக் கேட்க வேண்டும் என்று பலர் எரிச்சலடைந்தார்கள். எத்தனை வண்டிகள் வருகின்றன என்ற கணக்கே இல்லாமல் எதையும் கட்டுப்படுத்த முடியாது என்பதால், முதலாண்டை எண்ணிப் பார்ப்பதற்கென்று எடுத்துக்கொண்டது சரிதான். 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான சீசனுக்கு, நீலகிரிக்குள் வார நாட்களில் 6,000 வண்டிகள், வார இறுதியில் 8,000 வண்டிகள் என்று நீதிமன்றம் உச்சவரம்பு வைத்தது. வியாபாரிகள் கடையடைத்து எதிர்த்தார்கள். உள்ளூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டாம்; ஆனால் உள்ளூர் வண்டி எது என்பதை முதன்மையாகப் பதிவெண்ணே முடிவு செய்வதால், கோவையில் வேலை பார்த்துக் கோவைப் பதிவெண் வண்டி வைத்திருக்கும் படுகர் வீட்டுப் பையன் அம்மாவைப் பார்க்க வருவதற்கு இ-பாஸ் எடுக்க வேண்டும். நீலகிரிக்குரிய டிஎன் 43 எண்ணுள்ள பழைய காரை வாங்கி வைத்திருக்கும் வெளியூர்க்காரர் தடையின்றி மேலே ஏறலாம்.

எல்லாவற்றிலும் என்னைக் கூடுதலாக யோசிக்க வைப்பது மரம் பற்றிய சட்டம். 1955-ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டப்படி, சொந்த நிலத்தில் நிற்கும் மரத்தை வெட்டுவதற்கும் மாவட்டக் குழுவின் அனுமதி வேண்டும். சோலைகள் மொட்டையடிக்கப்பட்டுக்கொண்டிருந்த காலத்தில் அது அவசியமாகவே இருந்திருக்கும். ஆனால் இன்று மலையில் கண்ணுக்குத் தெரியும் மரங்களில் கணிசமான பகுதி, பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட சீகையும் (வாட்டில்) கற்பூர மரமும் (யூகலிப்டஸ்)தான். புல்வெளியை விழுங்கிய சீகையை அகற்ற வேண்டும் என்று நீதிமன்றம் வலியுறுத்துகிறது. அந்நியத் தாவரங்களை அகற்ற அரசும் 2022-இல் கொள்கை வகுத்தது. அதே சீகை ஒருவருடைய தோட்டத்து ஓரத்தில், வீட்டுக் கூரையின்மேல் சாய்ந்து நின்றால், மனுவோடு அலுவலகத்துக்கு நடக்க வேண்டியிருக்கிறது; அதற்குள் தென்மேற்குப் பருவக்காற்று வந்து மரத்தைத் தானே சாய்த்துவிடுவதும் உண்டு. மண்ணுக்குரிய நாவலையும் விக்கியையும் வெட்டுவதற்கு இப்போதுள்ள கெடுபிடி அப்படியே இருக்கட்டும். சீகைக்கு மட்டும், வெட்டிய இடத்தில் சோலைக் கன்றோ புல்லோ வைக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு, தகவல் தெரிவித்தாலே போதும் என்று விதியைத் தளர்த்தலாம். செங்குத்துச் சரிவுகளில் மொத்தமாக வெட்டினால் மண் இறங்கிவிடும் என்பதால், அங்கே மட்டும் வனத்துறை வந்து பார்த்த பிறகு அனுமதி தரும்படி வைத்துக்கொள்ளலாம்.