உடனே கேட்கும் மாத்திரைகள்: என் படபடப்பு நாட்குறிப்பு

மார்ச் 3

டாக்டர் அல்பிரசோலம் 0.25 மில்லிகிராம் எழுதிக் கொடுத்திருக்கிறார். தினமும் போடக் கூடாது, நெஞ்சு அடித்துக்கொண்டு மூச்சு முட்டுகிற நேரத்துக்கு மட்டும் என்று அழுத்திச் சொன்னார். கூடவே படபடப்பை மெதுவாகக் குறைக்கிற எஸ்சிடலோபிராம், அது தினமும். அது கேட்க ஆரம்பிக்கச் சில வாரங்கள் பிடிக்கும், அதுவரை சமாளிக்கத்தான் இந்தச் சின்ன மாத்திரை.

மார்ச் 6

இன்று மாலை போட வேண்டி வந்தது. விரல் நுனியெல்லாம் மரத்துப்போய், சட்டைப் பொத்தானைக் கழற்றக்கூட முடியவில்லை. அரை மணி நேரம் போயிருக்கும், காதுவரை ஏறியிருந்த தோள்கள் தானாக இறங்கின, அப்புறம் ஒரு கொட்டாவி. நிம்மதியாக இருந்தது, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் இவ்வளவு சீக்கிரம் கேட்கிற மருந்தைப் பற்றி முழுசாகத் தெரிந்துகொள்ளாமல் அடுத்ததைப் போட எனக்கு மனமில்லை.

மார்ச் 8

படித்துக்கொண்டே இருக்கிறேன். அல்பிரசோலம், லோராசெபாம், டயஸெபாம், குளோனாசெபாம் நான்குமே பென்சோடயஸெபைன் குடும்பம். மூளையைத் தணிக்கிற காபா என்ற ரசாயனத்தின் வேலையைக் கூட்டிவிடுகின்றன, அதனால் எல்லாமே அமைதியும் தூக்கமும் தருபவைதான். வித்தியாசம் எவ்வளவு வேகமாக வருகிறது, எவ்வளவு நேரம் தங்குகிறது என்பதில். அல்பிரசோலம் ஒன்றிரண்டு மணி நேரத்தில் ரத்தத்தில் உச்சத்துக்குப் போய், சுமார் 11 மணி நேரத்தில் பாதியாகிவிடும். லோராசெபாமும் ஏறக்குறைய அப்படித்தான், 12 மணி நேரம். குளோனாசெபாம் பாதியாக 30 முதல் 40 மணி நேரம். டயஸெபாம் 1963-லேயே சந்தைக்கு வந்த பழைய மருந்து, சட்டென்று கேட்கும், ஆனால் கல்லீரல் அதை உடைக்கும்போது உருவாகிற பொருளும் மருந்தாகவே வேலை செய்வதால் நாள்கணக்கில் உடம்பில் இருக்கும். வயதானவர்களுக்கு அதுவே தள்ளாட்டத்தையும் விழுகிற ஆபத்தையும் கூட்டும்.

மில்லிகிராமை மட்டும் பார்த்து ஒப்பிடக் கூடாது. அல்பிரசோலம் 0.5 என்பது தோராயமாக டயஸெபாம் 10-க்குச் சமம்.

மார்ச் 9

எது அதிகம் பழக்கமாகும்? வேகமாக வந்து வேகமாக இறங்குவதுதான், எனக்குப் புரிந்தவரை. போட்டவுடன் நிம்மதி என்பதை மூளை கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறது, இறங்கும்போது படபடப்பு திரும்புகிறது, உடனே கை மாத்திரை அட்டையைத் தேடுகிறது. இதில் அல்பிரசோலத்துக்குத்தான் பெயர் அதிகம் கெட்டிருக்கிறது. அதற்காக மற்றவை பத்திரம் என்று நினைத்துவிடாதீர்கள். சில வாரங்கள் தினமும் போட்டால் நான்கில் எதற்கும் உடம்பு பழகிவிடும், டாக்டர் சொன்ன அளவிலேயே போட்டாலும்கூட.

மார்ச் 14

தெரிந்தவர் ஒருவர் லோராசெபாமை மாதக்கணக்கில் தினமும் இரவில் போடுகிறார். மறுநாள் சாயங்காலமானால் கை நடுங்குகிறதாம், நோய் முற்றிவிட்டது என்று பயப்படுகிறார். மருந்து இறங்குவதாலேயே அப்படி ஆகலாம் என்றேன். "அப்படியானால் இன்றோடு நிறுத்திவிடுகிறேன்" என்றார், எனக்குப் பகீரென்றது. நீண்ட நாள் போட்டதைத் திடீரென நிறுத்தினால் வலிப்பே வரலாம், உயிருக்கே ஆபத்து. டாக்டரைக் கேட்டு வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில், கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும். சிலரை மெதுவாக இறங்குகிற டயஸெபாமுக்கு மாற்றியும் குறைப்பார்கள். நாளைக்கே டாக்டரைப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

மார்ச் 17

மதுவோடும் மார்ஃபின் போன்ற ஓபியாய்டு வலி மருந்துகளோடும் பென்சோடயஸெபைன்களைச் சேர்க்கவே கூடாது, மூச்சு அடங்கிவிடும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2016-ல் ஓபியாய்டு சேர்க்கைக்கும், 2020-ல் அடிமையாதலுக்கும் இந்தக் குடும்பம் முழுவதற்கும் கட்டம் கட்டிய எச்சரிக்கை போட வைத்தது. படபடப்புக்கு இந்தக் குடும்பத்தில் சேராத மருந்துகளும் உண்டு. ஹைட்ராக்சிசின் தூக்கம் வரவழைக்கும், ஆனால் இப்படி அடிமையாக்காது. புரோப்ரனலால் நடுக்கத்தையும் இதயத் துடிப்பையும் குறைக்கும், ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆகாது.

மார்ச் 31

டாக்டரிடம் குளோனாசெபாமுக்கு மாறலாமா என்று கேட்டேன். எப்போதாவதுதான் போடுகிறீர்கள், அதை ஏன் தினசரி மருந்தாக்க வேண்டும் என்றார். எஸ்சிடலோபிராம் கேட்கத் தொடங்கிவிட்டது போலிருக்கிறது, காலையில் அந்த நெஞ்சிறுக்கம் குறைந்திருக்கிறது. அல்பிரசோலத்தை இந்த முறை அவர் எழுதவில்லை, நானும் கேட்கவில்லை.