கிண்டர்டைக் காற்றாலை: அட்டையில் ஆறு வாரம்

நெதர்லாந்தில் லெக், நோர்ட் ஆறுகள் சேரும் இடத்தில் இருக்கும் சின்ன ஊர் கிண்டர்டைக். அங்கே 19 காற்றாலைகள். அதில் ஒன்றை நூறில் ஒரு பங்கு அளவில் அட்டையில் செய்து பார்ப்போம் என்று உட்கார்ந்தேன். எடுத்துக்கொண்டது 1738இல் கட்டிய எட்டுச் செங்கல் ஆலைகளில் ஒன்று. உருண்டையான கட்டடம், சுலபம்தான் என்று நினைப்பு. மேலே போகப் போகக் குறுகும் அந்த உடலை வெட்டி ஒட்டுவதற்குள் மூன்று அட்டை குப்பைக்குப் போனது.

இறக்கைகள் நுனிக்கு நுனி ஏறத்தாழ 28 மீட்டர். எனக்கு 28 சென்டிமீட்டர். சுற்றும்போது நுனி தரையை உரசுகிற மாதிரி வரும், அசலிலும் அப்படித்தான்.

அப்புறம் தண்ணீர் வேலை. ஆலை வயலில் தேங்கும் தண்ணீரை அள்ளி நேரே ஆற்றில் கொட்டும் என்றுதான் நினைத்திருந்தேன். தட்டில் தண்ணீர் ஊற்றி, குச்சியில் சக்கரம் செய்து சுற்றிப் பார்த்தபோது புரிந்தது, சக்கரத்தால் ரொம்ப உயரம் தூக்க முடியாது. அசல் சக்கரமும் ஒன்றரை மீட்டருக்குள்தான் தூக்கும். அந்த ஊர் நிலமோ புல்கரி மண், அதாவது செடிகொடிகள் மக்கி உண்டான மண். தண்ணீரை வடிக்க வடிக்கத் தாழ்ந்துகொண்டே போகும். ஆறு மேலே, வயல் கீழே. அதனால் படிப்படியாக ஏற்றினார்கள்: வயலிலிருந்து தாழ்வான தேக்கத்துக்கு, அங்கிருந்து உயரமான தேக்கத்துக்கு. ஆற்று மட்டம் இறங்கும்வரை காத்திருந்து மதகைத் திறப்பார்கள். கிண்டர்டைக் ஆலைகளின் வேலை இரண்டாவது படி. நானும் இரண்டாவது தட்டு ஒன்றை வைத்தேன். என் சக்கரம் தண்ணீரைத் தூக்குவதைவிடத் தெளித்ததுதான் அதிகம். பலகைகளை மையத்தைப் பார்த்து நேராக ஒட்டியிருந்தேன். சரித்து ஒட்டினால்தான் தண்ணீர் மேலே வந்ததும் வழுக்கி விழும். பிரித்து ஒட்டியதில் ஒரு வாரம் போச்சு.

ஊர்ப்பெயருக்குக் குழந்தைக் கரை என்று பொருள். 1421 நவம்பர் வெள்ளத்தில் ஒரு தொட்டில் மிதந்து வந்ததாம். கவிழாமல் ஒரு பூனை இரண்டு பக்கமும் தாவித் தாவிச் சமன் செய்ததாம். வெள்ளம் நிஜம், பூனை கதை. ஆனாலும் கரையோரத்தில் ஒரு குட்டித் தொட்டில் வைத்துவிட்டேன்.

பெரிய தவறு கடைசியில்தான் தெரிந்தது. முன்னால் நின்று பார்த்தால் இந்த ஆலைகள் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் சுற்றும். என்னுடையது நேர்த்திசை. சரி, யாருக்குத் தெரியப்போகிறது என்று விட முடியவில்லை. ஆலைக்காரர்கள் இறக்கையை நிறுத்தும் நிலையிலேயே சேதி சொல்வார்கள்: மேலேறும் இறக்கை உச்சிக்குச் சற்று முன்னால் நின்றால் வீட்டில் நல்ல காரியம், உச்சியைத் தாண்டி நின்றால் துக்கம். திசை மாறினால் சேதியும் தலைகீழ். நான்கு இறக்கைகளையும் கழற்றித் திருப்பி ஒட்டினேன்.

இப்போது உச்சிக்குக் கொஞ்சம் வலப்புறம் நிறுத்தியிருக்கிறேன். அடுத்து 1740இல் வந்த எட்டுப் பட்டை ஆலை. அதற்கு மேல்வேய நாணலுக்குப் பதில் துடைப்பக் குச்சி சரிப்படுமா என்று பார்க்க வேண்டும்.