ஒரே பனையில் அன்றிலும் தூக்கணாங்குருவியும்

நெய்தல் பாட்டுகளில் பனையில் அடையும் பறவை என்றால் அது அன்றில்தான். துணை பிரிந்தால் அது உயிர் தரியாது என்பது புலவர் மரபு. அன்றில் இன்றைய அரிவாள் மூக்கன் என்று பலர் கருதுகிறார்கள். அது எங்கள் கண்மாயில் சேற்றைக் கிளறிக்கொண்டிருக்கும். ஆனால் சாயல்குடிப் பக்கம் எங்கள் பனைகளில் கூடு தொங்கவிடுவது தூக்கணாங்குருவி. அதன் குடும்பக் கணக்கே வேறு.

உச்சந்தலை மஞ்சளான ஆண், பச்சை ஓலையின் விளிம்பில் அலகால் ஒரு வெட்டுப் போட்டு, அந்த முனையைக் கவ்வியபடியே பறந்து நாரை உரித்தெடுக்கிறது. ஏறத்தாழ 8 நாளில் கூடு கவிழ்த்த தொப்பி போலாகி, நடுவில் குறுக்குப் பின்னலும் உள்சுவரில் அப்பிய ஈரமண்ணுமாகத் தொங்கும். அந்த நிலையில் ஆண் வேலையை நிறுத்திவிட்டு, கூட்டைப் பற்றிக்கொண்டு சிறகடித்துக் கூவுகிறது. பெண் வந்து, உள்ளே நுழைந்து சோதித்து, பிடித்தால் தங்கும். இல்லையென்றால் அடுத்த ஆணின் கூட்டுக்குப் போய்விடும். பின்னலின் நேர்த்தியைவிடக் கூடு அமைந்த இடத்தையே பெண் பெரிதாகப் பார்க்கிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன. கச்சான் காற்றில் ஆடும் மட்டையைப் பார்த்தவர்களுக்கு அது வியப்பாக இராது. பனையேறும் என் சித்தப்பா அறுந்து விழுந்த அரைக்கூட்டை எடுத்துப் பார்த்து, “இதுக்குப் பொண்ணு அமையலப்பா” என்பார்.

பெண் ஏற்றுக்கொண்டால்தான் முட்டையறையும் நீண்ட குழாய் வாசலும் உருவாகும். பெண் உள்ளே மெத்தை அமைத்து, 2 முதல் 4 முட்டையிட்டு, தனியாகவே அடைகாக்கிறது. ஆணோ அதற்குள் அடுத்த கூட்டுக்கு, அடுத்த பெண்ணுக்காக, நார் கிழிக்கத் தொடங்கியிருக்கும். கூடு அறுந்து விழுந்தால் பெண்ணும் வேறு கூடு தேடிப் போகும்.

இதைத் துரோகம் என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. ஜோடியாக வாழும் குருவிகள் மட்டும் என்ன? 1987இல் சிட்டுக்குருவிகளிடம் டி.என்.ஏ. சோதனை செய்தபோது, ஒரே ஜோடி வளர்த்த குஞ்சுகளுக்குள்ளேயே வேறு தகப்பனின் குஞ்சும் இருப்பது தெரிந்தது. அதன்பின் பாடும் பறவைகள் பலவற்றிலும் இதையே கண்டார்கள். கூட்டைப் பகிர்வது ஒன்று, வாரிசைப் பகிர்வது மற்றொன்று என்று அன்றுமுதல் பிரித்துப் பேசுகிறார்கள்.

நேற்று மாலை, கிணற்றுப் பக்கம் தொங்கும் கூட்டுக்குள் பெண் மெல்லிய தூவி ஒன்றைக் கொண்டுபோனது. ஆண் பக்கத்து மட்டையில் புதிய நாரின் முதல் முடிச்சைப் போட்டுக்கொண்டிருந்தது.