டெம்பிள் ஸ்கொயர்ல ஒரு கிறிஸ்துமஸ்

2017 டிசம்பர், அமெரிக்காவுல சால்ட் லேக் சிட்டி. நான் மிஷனரியா இருந்த ஒரே கிறிஸ்துமஸ் அதுதான். மார்மன் (அமெரிக்காவுல ஆரம்பிச்ச ஒரு கிறிஸ்தவ சபை) மிஷனரின்னாலே வெள்ளை சட்டை, டை கட்டிக்கிட்டு ரெண்டு ரெண்டு பேரா வீட்டுக் கதவைத் தட்டுற பசங்கதான் எல்லாருக்கும் ஞாபகம் வரும், ஆனா டெம்பிள் ஸ்கொயர், அதாவது எங்க சபையோட பெரிய ஆலயம் இருக்குற வளாகம், அந்த மிஷன்ல அப்போ இளவயசு மிஷனரிங்கன்னா பொண்ணுங்க மட்டும்தான், நாங்க யார் கதவையும் தட்ட வேண்டாம், உலகமே எங்க கேட்டுக்குள்ள வரும், நாங்க டூர் கூட்டிட்டுப் போவோம். பசங்களுக்கு 24 மாசம் ஊழியம், எங்களுக்கு 18. நெஞ்சுல கறுப்பு நேம் டேக், பக்கத்துலயே அவங்கவங்க நாட்டுக் கொடி. என் கம்பானியன், அதாவது எனக்கு ஜோடியா போட்ட மிஷனரி, மங்கோலியா பொண்ணு. ஒருத்தி கண்ணுல படாத தூரத்துக்கு இன்னொருத்தி போகக்கூடாது, அது ரூல், அதனால அந்த மாசம் பூரா நாங்க ஒட்டிப் பிறந்த மாதிரிதான் சுத்தினோம்.

குளிரைப் பத்தி என்ன சொல்றது. அப்போ சிஸ்டர்ஸுக்கு (பொண்ணு மிஷனரிங்களை அப்படித்தான் கூப்பிடுவாங்க) ஸ்கர்ட் மட்டும்தான், பேன்ட் போட பர்மிஷன் வந்ததே 2018 டிசம்பர்ல, சரியா ஒரு வருஷம் லேட். சாக்ஸ் மேல சாக்ஸ் போட்டும் கால் மரத்துப் போகும்.

1965லேருந்து வருஷாவருஷம் அங்க கிறிஸ்துமஸ் லைட்ஸ் போடுறாங்க, மரத்துல கிளை கிளையா சுத்தி வச்சிருப்பாங்க. கூட்டம்னா கூட்டம். வர்றவங்கள்ல முக்கால்வாசி பேருக்கு நாங்க தேவையே இல்ல, லைட்ஸ் பாக்கணும், போட்டோ எடுக்கணும், அவ்வளவுதான். அந்த மாசம் நான் இயேசுவைப் பத்தி பேசினதை விட பாத்ரூமுக்கு வழி சொன்னதுதான் ஜாஸ்தி. முதல்ல எரிச்சலா இருந்துச்சு. ஊழியத்துக்குன்னு இவ்வளவு தூரம் வந்து இதுதானான்னு ராத்திரி படுக்கும்போது அழுதிருக்கேன், பத்தரைக்கு லைட் ஆஃப் பண்ணிடணும்ங்கிறதால அழுகையும் சீக்கிரமே முடிஞ்சிடும்.

23ஆம் தேதி, சனிக்கிழமை சாயங்காலம். கொடியைப் பாத்துட்டு ஒரு ஆன்ட்டி நேரா என்கிட்ட வந்தாங்க, கூட அங்கிள், மகன், மருமக. "எந்த ஊரும்மா நீ?" தமிழ்ல. எத்தனையோ மாசம் கழிச்சு நேர்ல ஒருத்தர் தமிழ்ல கேட்டதும் எனக்கு பதிலே வரல. அப்புறம் நானே டூர் கூட்டிட்டுப் போறேன்னு கிளம்பிட்டேன், கம்பானியன் ஒண்ணும் புரியாம சிரிச்சுக்கிட்டே பின்னாடி வந்தா.

ஆலயத்துக்கு முன்னாடி நின்னு சொன்னேன், 1853ல ஆரம்பிச்சு 1893லதான் முடிச்சாங்க, 40 வருஷம், ஆரம்பத்துல கல்லெல்லாம் 30 கிலோமீட்டர் தள்ளி இருக்குற மலையிலேருந்து மாட்டு வண்டியிலதான் வந்துச்சுன்னு. மாட்டு வண்டின்னதும் அங்கிளுக்கு ரொம்ப சந்தோஷம். ஆறு கோபுரத்தையும் எண்ணிட்டு, "மேல தங்கத்துல நிக்கிறது இயேசுவா?"ன்னாரு. இல்ல அங்கிள், மொரோனின்னு ஒரு தேவதூதர்னு சொன்னேன். ஆன்ட்டியோட கேள்வி வேற, "உள்ள எப்போம்மா விடுவாங்க?"

இதான் எப்பவும் சங்கடமான கேள்வி. எங்க சபையிலயே ஞாயித்துக்கிழமை ஆராதனை வேற கட்டடத்துல, அதுக்கு யார் வேணா வரலாம், ஆலயத்துக்குள்ள மட்டும் பிஷப்கிட்ட பேசி சீட்டு வாங்கின மெம்பர்ஸ்தான் போக முடியும். இதை இங்கிலீஷ்ல சொல்லும்போது எத்தனை பேர் முகம் சுருங்கிப் பாத்திருக்கேன். ஆன்ட்டி அசரவே இல்ல. "கர்ப்பகிரகம்னா அப்படித்தான், கோபுர தரிசனம் கோடி புண்ணியம்"னு சொல்லிட்டு அங்கயே கன்னத்துல போட்டுக்கிட்டாங்க. மாசக்கணக்கா நான் மாத்தி மாத்தி விளக்கினதை அவங்க ஒரே வரியில முடிச்சுட்டாங்க! ரெண்டும் ஒண்ணு இல்லதான், ஆனா அந்த நேரத்துல திருத்த எனக்கு மனசு வரல.

அப்புறம் நார்த் விசிட்டர்ஸ் சென்டர். (இப்போ அந்த பில்டிங்கே இல்ல, ரெனோவேஷன்ல இடிச்சுட்டாங்க.) சுத்தி சுத்தி மேல ஏறுற ராம்ப், ஏறினா விதானம் பூரா நட்சத்திரமும் கிரகமுமா வரைஞ்ச ஒரு பெரிய ஹால், நடுவுல 11 அடி உசரத்துல வெள்ளை பளிங்கு இயேசு, ரெண்டு கையையும் விரிச்சு, உள்ளங்கையில ஆணித் தழும்போட. டென்மார்க் சிற்பி தோர்வால்ட்சன் செஞ்சதோட நகல், ஒரிஜினல் கோபன்ஹேகன்ல ஒரு சர்ச்சுல இருக்கு.

நான் பேச ஆரம்பிச்சேன், தடுமாறிட்டேன். இங்க படிச்சதெல்லாம் இங்கிலீஷ்ல, பாவநிவாரணம்ங்கிற வார்த்தை நாக்கு வரைக்கும் வந்துச்சு, இவங்களுக்கு அது என்ன புரியும்னு முழுங்கிட்டேன். கடைசியில "நம்ம வலியெல்லாம் இவர் வாங்கிக்கிட்டார் ஆன்ட்டி"ன்னு மட்டும் சொன்னேன். பதில் இல்ல. திரும்பிப் பாத்தா ஆன்ட்டியைக் காணோம்.

சுவர் ஓரமா உக்காந்து பூட்ஸை கழட்டிக்கிட்டிருந்தாங்க. லேஸ் பனியில நனைஞ்சு இறுகிப் போச்சு, மருமக குனிஞ்சு அவுத்து விடுறா, "பரவால்ல அத்தை, இங்க யாரும் கழட்டல பாருங்க"ன்னு மெதுவா சொல்றா. "அவங்க கழட்டலன்னா நாம என்ன பண்றது"ன்னுட்டாங்க. ஈர சாக்ஸோட நடந்து போய் சிலை முன்னாடி கை கூப்பி நின்னாங்க, தரையில அவங்க கால் தடம் ஈரமா பதிஞ்சுது. ஃபோனைத் தூக்கிப் பிடிச்சிருந்த ரெண்டு மூணு பேர் அவங்களைப் பாத்துட்டு கீழ இறக்கிட்டாங்க.

"ஏன் ஷூ கழட்டினாங்க?"ன்னு கம்பானியன் காதுல கேட்டா. புனிதமான இடம்னேன். அவ தன் ஷூவைப் பாத்தா, அப்புறம் என் ஷூவைப் பாத்தா.

கிறிஸ்துமஸ் அன்னைக்கு வீட்டுக்கு கால். வாராவாரம் வீட்டுக்குப் பேசலாம்ங்கிறதெல்லாம் 2019 பிப்ரவரிக்கு அப்புறம் வந்தது, எங்களுக்கு வருஷத்துல ரெண்டே தடவை, கிறிஸ்துமஸுக்கும் அன்னையர் தினத்துக்கும். இங்க காலையில எட்டு, அங்க ராத்திரி எட்டரை. என்னென்ன பேசணும்னு பேப்பர்ல எழுதியே வச்சிருந்தேன், அம்மா முகத்தைப் பாத்ததும் எல்லாம் போச்சு, இந்தக் கதையைத்தான் சொன்னேன். அம்மா கேட்டுக்கிட்டே இருந்தாங்க.

"நீ கழட்டினியாடி?"

"இல்லம்மா, டூட்டியில இருந்தேன்ல."

"ம்ம்"னாங்க. தம்பி ஃபோனைப் பிடுங்கிக்கிட்டான்.